மேப் முழுக்க ஐகான், கையில் ஒரு மணி நேரம்

போன இதழில் "ஓபன் வேர்ல்ட் ஆக்‌ஷன் கேம் ஆடுகிறவர்கள் கேள்வி அனுப்பலாம்" என்று ஓரத்தில் இரண்டு வரி போட்டிருந்தோம் (ஓபன் வேர்ல்ட் என்றால் பெரிய உலகம் ஒன்றில் நினைத்த திசையில் சுற்றித் திரிந்து ஆடும் கேம்). வந்ததில் பெரும்பகுதி முப்பது, நாற்பது வயதைத் தாண்டியவர்களிடமிருந்து. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இல்லை. எந்தக் கதையின் முடிவையும் இங்கே போட்டு உடைக்கவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

கே: எனக்கு 41 வயது. கல்லூரி நாட்களில் ஜிடிஏ வைஸ் சிட்டி ஆடியதோடு சரி, இப்போதுதான் மறுபடி ஒரு கன்சோல் வாங்கினேன். வீட்டில் "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

ப: முதலில் அவர்கள் கேட்பது வயதைப் பற்றியா, நேரத்தைப் பற்றியா என்று பாருங்கள். நேரத்தைப் பற்றி என்றால் நியாயமான கேள்வி, உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியது. வயதைப் பற்றி என்றால் பதிலே தேவையில்லை. ராத்திரி முழுக்க ஃபோனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருப்பவரை யாரும் வயது கேட்பதில்லை.

ஜிடிஏ 5, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, தி விட்சர் 3 மூன்றுமே ஐரோப்பியத் தரக் குறியீட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானவை. ரத்தத்துக்கும் கெட்ட வார்த்தைக்கும் மட்டும் கொடுத்த முத்திரை என்று நினைக்காதீர்கள், கதைகளே வயது வந்தவர்களின் கதைகள்தான். 2013-ல் வந்த ஜிடிஏ 5-ல் மைக்கேல் என்றொரு ஆள் வருகிறான். கொள்ளையடிப்பதை விட்டுவிட்டு, பெரிய வீட்டில் நீச்சல் குளத்து ஓரம் படுத்துக்கொண்டு, மனைவியோடும் பிள்ளைகளோடும் தினம் சண்டை போட்டுக்கொண்டு, மனநல ஆலோசகருக்குக் காசு கொடுத்துப் புலம்புகிறவன். இருபது வயதுக்காரனுக்கு அவன் ஒரு எரிச்சல் பிடித்த ஆள், அவ்வளவுதான். நாற்பதில் ஆடினால் சிரிப்பு கொஞ்சம் தொண்டையில் மாட்டும். விட்சர் 3-ல் வெலன் பகுதியில் பிளடி பேரன் என்பவனின் கதை இருக்கிறது, குடித்துக் குடும்பத்தைக் கெடுத்தவன் ஓடிப்போன மனைவியையும் மகளையும் தேடித் தரச் சொல்லி நம் முன்னால் வந்து நிற்கிறான், அவனை மன்னிக்கவும் முடியாது, முழுசாக வெறுக்கவும் முடியாது. நீங்கள் எடுக்கும் முடிவு அந்தக் குடும்பத்தின் கதையை மாற்றிவிடும். இதைப் பதினைந்து வயதில் ஆடியவர்களுக்கு அதில் பாதிகூடப் போய்ச் சேர்ந்திருக்காது என்பது என் எண்ணம்.

கே: வேலை, குழந்தை எல்லாம் போக வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் கிடைத்தால் பெரிது. நடுவில் ஒரு மாதம் விட்டுப்போனால் எந்த பட்டன் எதற்கு என்பதே மறந்துவிடுகிறது. திரும்ப முதலிலிருந்து தொடங்குவேன், திரும்பப் பாதியில் நிற்கும். ஹொரைசன் ஜீரோ டானின் ஆரம்பக் காட்சிகள் மனப்பாடம் ஆகிவிட்டன, அதற்கு மேல் போனதே இல்லை.

ப: முதலிலிருந்து தொடங்குவதை இன்றோடு நிறுத்துங்கள். சேவ் செய்து வைத்த பழைய ஆட்டத்தைத் திறந்தவுடன் நேராக மிஷனுக்குள், அதாவது கதை தரும் வேலைக்குள், போய் விழுவதுதான் பிரச்சினை, விட்ட இடம் பெரும்பாலும் கடினமான இடமாக இருக்கும், கைக்கு எதுவும் நினைவில்லை, இரண்டு தடவை செத்தவுடன் "சரி, புதுசா ஆரம்பிக்கலாம்" என்று தோன்றிவிடும். அதற்குப் பதிலாக ஆரம்பத்தில் பார்த்த பகுதிக்கே ஃபாஸ்ட் டிராவலில் (மேப்பில் இடத்தைத் தேர்ந்தெடுத்து நேராக அங்கே குதிப்பது) போய்விடுங்கள். ஹொரைசன் என்றால் வாட்சர் மாதிரி சின்ன இயந்திரங்கள் நாலைந்தை அடித்துப் போடுங்கள். அரை மணி நேரத்தில் விரல்களுக்குத் தானாக நினைவு வந்துவிடும், மூளை பின்னால் வரட்டும்.

இன்னொன்று, அந்த கேம் வில், கவண், கயிறு, கண்ணி என்று ஆயுதங்களாக அள்ளிக் கொடுக்கும். வாரத்துக்கு இரண்டு மணி நேரக்காரருக்கு இரண்டு வில்லும் ஒரு கண்ணியும் போதும், மிச்சத்தை ஆயுதம் தேர்ந்தெடுக்கும் வட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு ஓபன் வேர்ல்ட் கேம் ஆடாதீர்கள், ஒன்றில் உருள்கிற பட்டன் இன்னொன்றில் குதிரையைக் கூப்பிடும்.

நிறுத்துகிற இடத்திலும் கவனம் வேண்டும். மிஷன் நடுவில் நிறுத்தாமல், முடித்து, ஊருக்குள் வந்து, தேவையில்லாததை விற்று, அடுத்த வேலைக்குக் குறி வைத்துவிட்டு மூடுங்கள். ஃபோனில் ஒரு வரி, "பாலத்துக்குத் தெற்கே போக வேண்டும், நெருப்பு அம்பு தீர்ந்துவிட்டது" என்று எழுதி வைத்தால் ஒரு மாதம் கழித்து உங்களுக்கு நீங்களே நன்றி சொல்வீர்கள். விட்சர் 3-ல் சேவ் செய்த ஆட்டத்தைத் திறக்கும்போது இதுவரை நடந்த கதையை லோடிங் திரையில் ஒருவர் சொல்லிக்கொண்டே வருவார், இதை ஏன் எல்லோரும் காப்பி அடிக்கவில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பிஎஸ்5-ல் ரெஸ்ட் மோடு, எக்ஸ்பாக்ஸ் சீரிஸில் குவிக் ரெஸ்யூம், ஸ்டீம் டெக்கில் பவர் பட்டனை ஒரு தட்டு, மூன்றிலும் விட்ட நொடியிலிருந்து தொடரலாம். கிராஃபிக்ஸைவிட நம்மைப் போன்றவர்களுக்கு உண்மையில் உதவியது இதுதான். ஆனால் சேவும் செய்துவிட்டு மூடுங்கள், நடுவில் ஒரு அப்டேட் வந்தாலோ கரன்ட் போனாலோ அந்த நொடி காலியாகிவிடலாம்.

கே: மேப்பைத் திறந்தால் அலுவலக மெயில் இன்பாக்ஸ் மாதிரி இருக்கிறது. எல்லா ஐகானையும் முடிக்காமல் அடுத்த பகுதிக்குப் போக மனசு வருவதில்லை. முடிப்பதற்குள் கேமே வெறுத்துவிடுகிறது. அசாசின்ஸ் கிரீட் ஒடிஸியில் இப்படித்தான் கிரீஸில் பாதியில் நிற்கிறேன்.

ப: வந்த கடிதங்களில் மூன்றில் ஒன்று இதே புலம்பல், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2007-ல் முதல் அசாசின்ஸ் கிரீட் வந்தபோது உயரமான கோபுரத்தில் ஏறி நின்றால் சுற்றிலும் இருப்பவை மேப்பில் குறியாக வந்து விழும். அப்போது அது புதுசு, நன்றாகவும் இருந்தது. 2012-ல் அதே நிறுவனத்தின் ஃபார் க்ரை 3-ல் கோபுரம் ரேடியோ டவர் ஆனது. அப்புறம் ஊரெல்லாம் அதே சூத்திரம்: கோபுரம் ஏறு, ஐகானைத் திற, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போ. மேப் எவ்வளவு பெரிசு என்பதே விளம்பரமாகவும் ஆகிவிட்டது. பெரிய மேப்பில் வெற்றிடம் இருக்கக்கூடாதே, நிரப்பினார்கள்.

ஆனால் அவ்வளவையும் ஒரே ஆள் முடிக்க வேண்டும் என்று நினைத்து யாரும் நிரப்பவில்லை. யார் எந்தத் திசையில் நடந்தாலும் எதிரே ஏதாவது ஒன்று தட்டுப்பட வேண்டும், அதற்குத்தான் அவ்வளவு நெருக்கமாக வைக்கிறார்கள். 2017-ல் வந்த செல்டா பிரெத் ஆஃப் தி வைல்டில் கோரொக் என்ற குட்டி வனவாசிகள் ஒளிந்திருப்பார்கள், மொத்தம் 900 பேர். கல்லைத் தூக்கினால் ஒருவன், மரத்து உச்சியில் ஒருவன். பையை முழுசாகப் பெரிதாக்கிக்கொள்ள அதில் பாதிகூடத் தேவையில்லை. பிடிவாதமாக 900-ஐயும் கண்டுபிடித்தவர்களுக்கு என்ன பரிசு தெரியுமா? தங்க நிறத்தில் சுருண்டு கிடக்கும் ஒரு சாணி உருண்டை. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கேமைச் செய்தவர்களே அப்படித்தான் சிரித்திருக்கிறார்கள். விட்சர் 3-ல் ஸ்கெல்லிகே தீவுகளைச் சுற்றிக் கடல் முழுக்கக் கேள்விக்குறிகள் மிதக்கும், படகில் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தால் கடத்தல்காரர்கள் விட்டுப்போன பீப்பாய்கள், தலைக்கு மேல் பறந்து தாக்கும் சைரன் என்ற பூதங்கள். அத்தனையையும் எடுத்தவர்களை எனக்குத் தெரியும், ஒருவர்கூட அதைச் சந்தோஷமாகச் சொன்னதில்லை.

பிரெத் ஆஃப் தி வைல்டிலும் கோபுரம் உண்டு. ஏறினால் நிலத்தின் வரைபடம் மட்டும் கிடைக்கும், எங்கே என்ன இருக்கிறது என்று சொல்லாது. உச்சியில் நின்று தொலைநோக்கியில் நீங்களே பார்த்து, அதோ ஏதோ புகைகிறது, அங்கே விசித்திரமாக ஒரு பாறை என்று நீங்களே குறி வைத்துக்கொள்ள வேண்டும். பார்த்தீர்களா, ஐகான் இங்கேயும் இருக்கிறது, வைத்தது நீங்கள். கோஸ்ட் ஆஃப் சுஷிமாவில் வழிகாட்ட அம்புக்குறியே கிடையாது, டச்பேடைத் தேய்த்தால் காற்று வீசும், புல்லும் இலைகளும் போக வேண்டிய பக்கம் சாயும், மஞ்சள் குருவி ஒன்று குறுக்கே பறந்தால் பின்னால் போய்ப் பார்க்கலாம், போகாமலும் இருக்கலாம்.

உங்கள் ஒடிஸிக்கு வருகிறேன். ஆரம்பத்தில் கைடட், எக்ஸ்ப்ளோரேஷன் என்று இரண்டு வழி கேட்டிருக்கும், செட்டிங்ஸில் இப்போதும் மாற்றலாம். எக்ஸ்ப்ளோரேஷனில் போட்டால் "இன்ன ஊருக்கு வடக்கே, ஆற்றங்கரையில்" என்று தடயம் மட்டும் தருவார்கள், நீங்கள் தேடிப் போக வேண்டும். மேப்பை அடிக்கடி திறக்காதீர்கள். மினிமேப் வைத்த கேம்களில் மிஷன் இல்லாத நேரத்தில் அதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கண் முழு நேரமும் மூலையில் இருக்கிற அந்தச் சின்ன வட்டத்தில்தான் இருக்கும், யாரோ வருடக்கணக்கில் உட்கார்ந்து செய்த நகரத்தைப் பார்க்காமல் ஒரு கோட்டைத் தொடர்ந்து போய்க்கொண்டிருப்பீர்கள். மிஷனுக்குள் போனால் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள், பல கேம்களில் மார்க்கர் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் மிஷனையே எழுதியிருப்பார்கள், வசனத்தில் வழி சொல்ல மாட்டார்கள்.

ஒடிஸியில் லெவல் போதாமல் கதை நிற்கும் இடங்கள் உண்டு, அங்கே சைடு குவெஸ்ட் (முக்கியக் கதைக்கு வெளியே உள்ள கிளை வேலை) செய்துதான் ஆக வேண்டும். அந்த கேமின் கடையிலேயே லெவலை உயர்த்தும் எக்ஸ்பி புள்ளிகள் வேகமாக ஏறுவதற்கு நிஜக் காசுக்கு ஒரு பூஸ்ட் விற்றார்கள். தானே வைத்த வேலையைத் தாண்டிப் போகத் தானே கட்டணம் கேட்கும் கேம் மீது எனக்குக் கோபம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. சைடு குவெஸ்டில் ஆள் பெயரும் வசனமும் இருப்பதை மட்டும் எடுங்கள், பலகையில் ஒட்டியிருக்கும் ஒப்பந்தங்களை விட்டுவிடுங்கள். முகாம்களைச் சுத்தம் செய்வது? உடம்பு அலுத்த ராத்திரியில், மனசு எதையும் யோசிக்க மறுக்கிற நேரத்தில், ஒரு முகாமுக்குள் பதுங்கிப் போய் ஒவ்வொருவராகச் சாய்ப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. பிடித்துச் செய்தால் செய்யுங்கள். கணக்கு முடிப்பதற்காகச் செய்தால் வேண்டாம்.

கே: ஈஸி மோடில் ஆடுவது ஏமாற்று வேலையா? வயசாகிவிட்டது, கை முன்பு மாதிரி ஓடுவதில்லை.

ப: ஏமாற்றினால் யாரை? பக்கத்தில் யாரும் மார்க் போடுவதில்லை. விட்சர் 3-ல் ஆகச் சுலபமான நிலைக்குப் பெயரே "ஜஸ்ட் தி ஸ்டோரி". அதற்கு வெட்கப்பட வேண்டியிருந்தால் அவர்கள் மெனுவிலேயே வைத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒன்று, நீங்கள் தோற்பதற்கு வயதுதான் காரணம் என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலும் காரணம் வேறு: தூக்கம் கண்ணைச் சுற்றும்போது ஆடுவது, லெவல் இல்லாமல் போய் மோதுவது, எதிரி கையை ஓங்கும் விதத்தைக் கவனிக்காமல் பட்டனைத் தட்டிக்கொண்டே இருப்பது. இந்த வகை கேம்களில் சண்டை வேகத்தைவிடத் தாளத்தைத்தான் கேட்கிறது. பேட்மேன் ஆர்க்கம் சிட்டியில் அடிக்க வருபவன் தலைக்கு மேல் ஒரு குறி மின்னும், அப்போது தடுத்தால் போதும். ரெட் டெட் 2-ல் டெட் ஐ போட்டால் நேரமே மெதுவாகிவிடும், நிதானமாகக் குறி பார்க்கலாம்.

முழு ஈஸிக்குப் போனால் இழப்பதும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். விட்சரில் ஒவ்வொரு பூதத்துக்கும் வாளில் தடவ ஒரு எண்ணெய், ஒரு மந்திரக் குறி என்று இருக்கிறது, அதைப் படித்துத் தயாராகிப் போவதுதான் வேட்டையின் சுவை. ஆகக் கீழ் நிலையில் எதையும் படிக்காமல் வாளை வீசினாலே செத்துவிடும். தெம்பு இருந்தால் ஒரு படி மேலே வைத்துப் பாருங்கள், நடுவில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். சுஷிமாவிலும் ஸ்பைடர்மேனிலும் அப்படித்தான்.

தோற்பது பிடிக்கவே பிடிக்காது என்பவர்கள் 2014-ல் வந்த ஷேடோ ஆஃப் மோர்டோரை ஒரு முறை ஆடிப் பார்க்க வேண்டும். உங்களைக் கொன்ற சாதாரண ஓர்க் என்ற அரக்க வீரனுக்குப் பதவி உயர்வு கிடைக்கும், அடுத்த முறை பார்க்கும்போது "திரும்ப வந்துட்டியா?" என்கிற தோரணையில் நக்கலடிப்பான். தோற்றதே கதையாகிவிடும்.

கே: அரை மணி நேரம் ஆடினால் தலை சுற்றி வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது. முன்பு இப்படி இருந்ததில்லை.

ப: கண் ஓடுகிறது என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உட்கார்ந்திருக்கிறோம் என்கிறது, இரண்டும் ஒத்துப்போகாததால் வருவது. செட்டிங்ஸில் மோஷன் பிளர் (நகரும்போது படம் மங்குவது), கேமரா ஷேக் (திரை குலுங்குவது) இரண்டையும் அணையுங்கள். ஃபீல்ட் ஆஃப் வியூ (திரையில் தெரியும் பார்வைப் பரப்பு) இருந்தால் கொஞ்சம் அகலமாக்குங்கள். குவாலிட்டி, பெர்ஃபார்மன்ஸ் என்று இரண்டு மோடு இருந்தால் பெர்ஃபார்மன்ஸ். கேமரா திரும்பும் வேகத்தைக் குறையுங்கள், திரையிலிருந்து தள்ளி உட்காருங்கள், அறையில் விளக்கு எரியட்டும். முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கும் கேம்கள் பலருக்கு ஒத்துப்போகும், கண் வழியாகப் பார்ப்பவைதான் அதிகம் படுத்தும். சுற்ற ஆரம்பித்தவுடன் நிறுத்திவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினால் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கேம் ஆடாத நேரத்திலும் தலை சுற்றினால் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும், என்னை இல்லை.

கே: இது ஆடுகிறவரின் மனைவி எழுதுவது. எல்லோரும் தூங்கிய பிறகு அவர் உட்கார்ந்தால் ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடுகிறது. கூப்பிட்டால் "இந்த மிஷன் முடியட்டும்" என்கிறார். காலையில் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இது போதையா?

ப: உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேமிங் டிஸார்டர் என்று ஒன்று இருக்கிறது, 2019-ல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆடுவதைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற வேலைகள், ஆர்வங்கள் எல்லாவற்றுக்கும் மேலே அது போய் உட்காருவது, கெடுதல் நடக்கிறது என்று தெரிந்தும் தொடர்வது, இது பொதுவாக ஒரு வருடமாவது நீடிப்பது. நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. வேலைக்குப் போகிறார், வீட்டைப் பார்க்கிறார், தூக்கத்தை விற்று விளையாட்டு வாங்குகிறார். பகலில் தனக்கென்று ஒரு மணி நேரம் கிடைக்காத ஆள் செய்வது அது. சரி என்று சொல்லவில்லை, தூக்கம் கெடுவது சின்ன விஷயம் இல்லை.

"மிஷன் முடியட்டும்" என்பது பாதி உண்மை. ரெட் டெட் 2 மாதிரியான கேம்களில் மிஷன் நடுவில் சேவ் செய்ய முடியாது. அதனால் நடுராத்திரிக்கு மேல் கூப்பிடுவதில் பயனில்லை, தொடங்கும்போது கேளுங்கள்: எத்தனை மணிக்கு மேல் புது மிஷன் எடுக்கக் கூடாது? அதை அவரே சொல்லட்டும். அப்புறம் வாரத்தில் ஒரு நாள் சாயங்காலமே அவருக்கு இரண்டு மணி நேரம் சத்தமில்லாமல் விட்டுக் கொடுங்கள், பதிலுக்கு உங்களுக்கும் அதே மாதிரி இரண்டு மணி நேரம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

இதையெல்லாம் சொல்லியும் அவரால் நிறுத்த முடியவில்லை, பொய் சொல்கிறார், வேலை போகிற நிலை என்றால் அப்போது அது வேறு விஷயம், மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

கே: ஜிடிஏ-வில் நடைபாதையில் போகிறவர்களை இடித்துவிட்டுப் போகும்போது ஒரு மாதிரி இருக்கிறது. ஆனாலும் செய்கிறேன். எனக்குள் ஏதாவது கோளாறா?

ப: இல்லை. 2001-ல் ஜிடிஏ 3 ஒரு முழு நகரத்தை முப்பரிமாணத்தில் திறந்து விட்டபோது எல்லோரும் முதலில் செய்தது இதைத்தான், இந்த நகரம் என்ன செய்தால் என்ன செய்யும் என்று சீண்டிப் பார்ப்பது. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் வெளியிட்ட தீர்மானத்தில் வன்முறை கேம்களுக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறு தொடர்பு தெரிகிறது, ஆனால் நிஜ வன்முறைக் குற்றங்களுக்கு இவைதான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. அந்த "ஒரு மாதிரி இருக்கிறது" என்பதை விரட்ட வேண்டாம், ரெட் டெட் 2 அதை வைத்தே விளையாடும்: சுட்டதைப் பார்த்தவன் ஷெரிஃபிடம் ஓடுவான், உங்கள் தலைக்கு விலை ஏறும், ஊர் மக்கள் பேசும் தொனியே மாறும்.

குழந்தை அறையில் இருக்கும்போது மட்டும் ஜிடிஏ 5 வேண்டவே வேண்டாம். அதில் ஒருவனை உட்கார வைத்துச் சித்திரவதை செய்யும் மிஷன் ஒன்று இருக்கிறது, திடீரென்று வரும். சேர்ந்து ஆட செல்டா இருக்கிறது, ஐரோப்பிய அளவில் 12 வயது.

கே: ஆன்லைனில் ஆடினால் இன்னும் நன்றாக இருக்கும் என்கிறார்களே?

ப: ஆன்லைனில் ஆட்டத்தை இடையில் நிறுத்தி வைக்கும் பட்டன் கிடையாது. குழந்தை அழுதால், அடுப்பில் பொங்கினால் அங்கேயே நின்று சாவீர்கள். உங்களுக்கு நேரம் ஒத்துப்போகும் நண்பர்கள் இருந்தால் போங்கள், இல்லையென்றால் தனியாக ஆடுங்கள்.

கே: உலகம் அழியப் போகிறது, சீக்கிரம் வா என்று கதையில் கத்துகிறார்கள். நான் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

ப: பிரெத் ஆஃப் தி வைல்டில் இளவரசி செல்டா நூறு வருடமாகத் தனியாக ஒரு பூதத்தை அடக்கி வைத்திருக்கிறாள், நீங்கள் இன்னும் பத்து நாள் காளான் பறித்தால் ஒன்றும் ஆகிவிடாது. விட்சர் 3-ன் நாயகன் ஜெரால்ட் மகளைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு ஊர் ஊராகச் சத்திரத்தில் உட்கார்ந்து க்வென்ட் சீட்டு ஆடுகிறான். இந்த வகை கேம்களின் தீராத ஓட்டை இது: கதைக்கு அவசரம் வேண்டும், உலகத்துக்கு நிதானம் வேண்டும். பிரெத் ஆஃப் தி வைல்ட் இதைப் புத்திசாலித்தனமாகச் சமாளித்தது, முதல் பீடபூமியை விட்டு இறங்கியவுடனேயே கடைசிச் சண்டைக்குப் போகலாம் என்று சொல்லிவிடுகிறது. உங்களுக்குத் தைரியம் வரும்வரை சுற்றுகிறீர்கள், அவ்வளவுதான். மற்ற கேம்களில் ஒரு தந்திரம்: கதையில் யாராவது "ஓடு, ஓடு" என்று முடிக்கும் இடத்தில் சுற்றப் போகாமல் அடுத்த மிஷனையும் ஆடிவிடுங்கள். "சில நாள் கழித்து வா" என்று யாராவது சொல்வார்கள், மீன் பிடிக்க அதுதான் நேரம்.

கே: வயது 52. மொபைலில் சீட்டு ஆடியதைத் தவிர எதுவும் தெரியாது. மகன் வீட்டில் கன்சோலை விட்டுப் போயிருக்கிறான். எதில் தொடங்கலாம்?

ப: 2018-ல் வந்த மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன், இல்லையென்றால் அதைவிடச் சின்னதான 2020-ன் மைல்ஸ் மொராலிஸ். காரணம், இதில் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதே விளையாட்டு. புதியவர்களுக்குக் கஷ்டம் சண்டை இல்லை, இடது குச்சியில் நடந்துகொண்டே வலது குச்சியில் கேமராவைத் திருப்புவது. அது கைக்கு வரும்வரை மிஷனைத் தொடாமல் மன்ஹாட்டன் கட்டடங்களுக்கு நடுவே வலை வீசித் தொங்கிக்கொண்டே இருங்கள், விழுந்தாலும் அடிபடாது. செட்டிங்ஸில் புதிரைத் தாண்டிப் போகும் வசதியும், பட்டனை வேகவேகமாகத் தட்ட வேண்டிய இடங்களைத் தானே முடித்துவிடும் வசதியும் இருக்கின்றன. தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள். ரெட் டெட் 2-ல் தொடங்காதீர்கள், அருமையான கேம், ஆனால் ஒரே பட்டன் நாலு வேலை செய்யும், பேசப் போய் துப்பாக்கியை நீட்டிவிடுவீர்கள்.

கே: எல்டன் ரிங்கில் குகையை விட்டு வெளியே வந்தவுடன் தங்கக் கவசத்தில் ஒருவன் குதிரையில் சுற்றுகிறான். நாலு நாளாக அவனிடமே செத்துக்கொண்டிருக்கிறேன். எப்படி அடிப்பது?

ப: இப்போது அடிக்க வேண்டாம். ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய்விடுங்கள், அவனைத் தாண்டினால் இடிந்த தேவாலயம் ஒன்றில் ஒரு வியாபாரி உட்கார்ந்திருப்பான். இந்த கேமில் கஷ்டத்தைக் குறைக்க மெனுவில் எதுவும் இல்லை, வேறு பக்கம் போய் வலுவேறித் திரும்புவதுதான் இதன் ஈஸி மோடு. பாதையோடு போய் கேட்ஃப்ரன்ட் இடிபாடுகள் அருகே ஓய்வெடுங்கள், லெவல் ஏற்றும் வசதியும் டொரென்ட் என்ற குதிரையும் கிடைக்கும். அப்புறம் ராத்திரி நேரத்தில் அதே தேவாலயத்துக்கு ஒரு முறை வந்தால் துணைக்கு ஆவிகளைக் கூப்பிடும் மணி கிடைக்கும். காட்டுப் பக்கங்களையும் குகைகளையும் பார்த்துவிட்டு, லெவல் இருபதைத் தாண்டியபின் குதிரையில் ஏறிப் போய் அவனை வட்டமடித்து அடியுங்கள். அவனிடமிருந்து கிடைப்பது கோல்டன் ஹால்பர்ட் என்ற ஆயுதம். அதைத் தூக்க உங்கள் ஆளுக்கு ஸ்ட்ரெங்த் (வலு) 30, டெக்ஸ்டெரிட்டி (லாவகம்) 14, ஃபெய்த் (நம்பிக்கை) 12 வேண்டும், இல்லையென்றால் அதுவும் பெட்டிக்குள்தான் கிடக்கும்.